ஆர்டரில் எழுதும் தேதி தொழிற்சாலைக்குள் என்ன செய்கிறது?

விற்பனைப் பிரிவில் ஒருவர் ஆர்டரைக் கணினியில் பதிந்து சேமிக்கிறார். அவருக்கு அது அன்றைய வேலையில் ஒரு வரி. அந்த வரியில் உள்ள அளவும் தேதியும் அன்றிரவே திட்டமிடல் கணக்குக்குள் போகின்றன. மறுநாள் காலை மோட்டாருக்கு ஒயர் சுற்றும் வைண்டிங் பகுதிக்கு வேலையாகவும், வார்ப்பாலைக்குத் தேவையாகவும், கொள்முதல் அலுவலகத்துக்குக் கோரிக்கையாகவும் வந்து நிற்கின்றன. தொழிற்சாலைக்கு உண்மையில் கட்டளையிடுகிறவர் யார் என்று கேட்டால், ஆர்டரைப் பதிகிறவர் என்றுதான் சொல்வேன். இது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் தெரிவதில்லை. சேல்ஸ் ஆர்டர் என்பது பில் போடுவதற்கு முந்தைய ஒரு படி என்றே அவருக்குப் பயிற்சி தரப்படுகிறது.

கோவையில் பம்ப், மோட்டார் தயாரிக்கும் ஆலை ஒன்றில் உற்பத்தித் திட்டமிடல் என் வேலை. வீட்டு உபயோக மோனோபிளாக், ஆழ்துளைக் கிணறுகளுக்கான 4 அங்குல, 6 அங்குல நீர்மூழ்கி பம்ப், சூரிய சக்தி பம்ப், ஏற்றுமதிக்கான சிறப்பு வகைகள் எல்லாம் ஒரே வளாகத்தில் ஓடுகின்றன. கோடை நெருங்கினால் ஆழ்துளை பம்ப்புக்கு ஆர்டர் குவியும்; மழை பிடித்துவிட்டால் அதே வேகத்தில் சரியும். நாங்கள் பயன்படுத்துவது எஸ்ஏபி என்ற ஈஆர்பி மென்பொருள், அதாவது விற்பனை, உற்பத்தி, கொள்முதல் எல்லாவற்றையும் ஒன்றாக இணைப்பது. புதிதாக ஈஆர்பி நிறுவுகிற நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு எப்படி ஓடுகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆர்டரில் உள்ள பொருள், அளவு, தேதி ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு 'தேவை'யாக மாறுகின்றன. எம்ஆர்பி (பொருள் தேவைத் திட்டமிடல்) என்ற கணக்கின் ஓட்டம் அந்தத் தேவையை எடுத்து, கையிருப்பையும் ஏற்கெனவே வரவேண்டியவற்றையும் கழிக்கிறது. மீதிக்கு ஒரு உத்தேச உற்பத்தி ஆணையை உருவாக்குகிறது. பிறகு பாகப் பட்டியலைப் பிரித்து, ஒரு பம்ப்புக்குத் தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் எத்தனை, அதைச் சூழும் பவுல் எத்தனை, வைண்டிங் ஒயர் எவ்வளவு, மோட்டாருக்கான தகடான ஸ்டாம்பிங் எத்தனை என்று ஒவ்வொரு படியாகக் கீழே இறங்குகிறது. உள்ளே செய்வதற்கு உற்பத்தி ஆணை, வெளியே வாங்குவதற்குக் கொள்முதல் கோரிக்கை. 1960களில் ஜோசப் ஓர்லிக்கி வகுத்த அடிப்படை இதுதான்: வாடிக்கையாளரிடமிருந்து வரும் தேவையை முன்கூட்டி மதிப்பிட வேண்டும் அல்லது ஆர்டராகப் பெற வேண்டும், அதற்குள் அடங்கிய பாகங்களின் தேவையை மதிப்பிட வேண்டியதே இல்லை, கணக்குப் போட்டால் போதும். மென்பொருள்கள் எத்தனையோ மாறிவிட்டன. எஸ்ஏபியின் புதிய தலைமுறையாக 2015ல் வந்த எஸ்4 ஹானாவில் கணக்கின் வேகம் கூடியிருக்கிறது. இந்த அடிப்படை அப்படியேதான் இருக்கிறது.

ஆகவே மேலே போடும் எண் தப்பாக இருந்தால், கீழே ஒவ்வொரு பாகத்திலும் அது பெருகித் தப்பாகும். கணக்கு மட்டும் பிசகாமல் நடந்திருக்கும். அதனால் யாருக்கும் சந்தேகமும் வராது.

எங்கள் ஆலையில் நான் பார்த்த முதல் பெரிய சிக்கல், ஆர்டர் எப்போது பதியப்படுகிறது என்பது. கிளை அலுவலகங்களில் டீலர்களின் ஆர்டர்கள் நோட்டிலும் வாட்ஸ்அப்பிலும் எக்செல் தாளிலும் இருக்கும். லாரி வந்து நிற்கும் நாளில்தான் ஆர்டர் கணினிக்குள் ஏறும். அடுத்த சில நிமிடங்களில் டெலிவரி, அதற்கடுத்து பில். காகிதத்தில் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். ஆனால் அந்த ஆர்டர் திட்டமிடல் கணக்கின் கண்ணில் பட்டதே இல்லை. இப்படி நடக்கிற ஆலையில் உற்பத்தியை ஓட்டுவது தொலைபேசிதான். யார் உரக்கக் கேட்கிறாரோ அவருக்கு முதலில் பம்ப் போகும்.

இதை மாற்ற நாங்கள் செய்தது ஒன்றுதான். உற்பத்திக் கூட்டத்தில் கணினியில் இல்லாத ஆர்டரைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினோம். கிளை மேலாளர் அழைத்தால், "ஆர்டர் எண் சொல்லுங்கள் சார்" என்பதோடு பேச்சு முடியும். கொஞ்ச நாள் கசப்பு இருந்தது. ஆனால் ஆர்டரை முதலில் பதிந்தவருக்கு முதலில் பொருள் ஒதுக்கப்படுகிறது என்று டீலர்களுக்கே தெரிந்தபோது, பதியச் சொல்லி அவர்களே நெருக்கத் தொடங்கினார்கள். சுற்றறிக்கை எத்தனை அனுப்பியும் நடக்காதது இதனால் நடந்தது.

அடுத்தது தேதி. இதில்தான் அதிகம் நின்று பேச வேண்டியிருக்கிறது.

ஆர்டரில் வாடிக்கையாளர் கேட்கும் தேதி என்பது பொருள் அவர் கையில் கிடைக்க வேண்டிய நாள். உற்பத்திக்குப் போவது அந்த நாள் அல்ல. மென்பொருள் அங்கிருந்து பின்னோக்கி எண்ணுகிறது. நாக்பூரில் உள்ள ஒரு டீலருக்கு 40 பம்ப்புகள் மே 20ஆம் தேதி கிடைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். லாரிக்கு 5 நாள், ஏற்றுவதற்கு 1 நாள், எடுத்துப் பெட்டி போடுவதற்கு 2 நாள். அப்படியானால் பம்ப் கிடங்கில் தயாராக இருக்க வேண்டிய நாள் மே 12. உற்பத்திக்குப் போகும் தேவையின் தேதி அதுதான். அங்கிருந்து மேலும் பின்னோக்கிப் போனால், சோதனை முடிந்து கிடங்கில் சேர்க்க 1 நாள், வைண்டிங் முதல் அசெம்பிளி வரை 6 நாள், வார்த்தெடுத்த பாகமான காஸ்டிங்குக்கு மெஷினிங் 4 நாள், வார்ப்பாலையிலிருந்து காஸ்டிங் வர 21 நாள். விடுமுறைகளைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தாலே ஏப்ரல் 10ஆம் தேதி வார்ப்பாலைக்கு ஆர்டர் போயிருக்க வேண்டும். நடுவில் சித்திரைப் பிறப்பும் ஞாயிற்றுக்கிழமைகளும் வருவதால் உண்மையில் இன்னும் முன்பே.

இந்த 40 நாள் சங்கிலியில் ஒரு கண்ணி பொய்யாக இருந்தாலும் மற்றவை எல்லாம் வீண். ஆனால் நடைமுறையில் முதல் கண்ணியே பொய்யாக இருக்கிறது. பதிகிறவர் தேதிக் கட்டத்தில் இன்றைய தேதியை அப்படியே விட்டுவிடுகிறார். "கூடிய சீக்கிரம் வேண்டும் என்றார், அதனால் இன்று போட்டேன்" என்பது பதில். விளைவு என்ன? எல்லா ஆர்டர்களும் ஏற்கெனவே தாமதமானவை என்று கணக்கு சொல்கிறது. திட்டமிடல் திரையில் எச்சரிக்கை இல்லாத வரியே இருக்காது. எல்லாமே அவசரம் என்றால் எது அவசரம் என்று தெரியாது. கொள்முதல் பிரிவு அந்தத் திரையைத் திறந்து பார்ப்பதையே நிறுத்திவிடும். நான் பார்த்த ஆலைகளில் எம்ஆர்பி செத்துப்போனதற்கு முதல் காரணம் இந்தத் தேதிக் கட்டம்தான். வேறு காரணங்கள் எல்லாம் இதற்குப் பின்னால்தான் வருகின்றன.

விற்பனையாளரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. அவர் சரியான தேதியைப் போட்டாலும், அது முடியுமா முடியாதா என்று மென்பொருள் அவருக்கு உண்மையாகப் பதில் சொல்ல வேண்டும். ஆர்டரைப் பதியும்போதே கையிருப்புச் சோதனை ஓடி, உறுதி செய்யப்பட்ட தேதி ஒன்றைத் திரை காட்டும். கையிருப்பும் இல்லை, வரவேண்டியதும் இல்லை என்றால், பொருளைப் புதிதாகச் செய்ய ஆகும் காலத்தைக் கூட்டித் தேதி சொல்லும். எஸ்ஏபியில் இதற்கென்று, ஒரு பொருளின் நிலையான விவரங்களை வைக்கும் பொருள் மாஸ்டரில், எம்ஆர்பி மூன்றாம் பக்கத்தில், மொத்த நிரப்பு காலம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அது காலியாக இருந்தால், உள்ளே செய்யும் பொருளுக்கு உற்பத்தி நாட்களையும் கிடங்கில் சேர்க்கும் நாட்களையும் மட்டும் கூட்டிச் சொல்லும். அதாவது எல்லா பாகமும் கையில் தயாராக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும். மேலே சொன்ன பம்ப்புக்கு அது 7 நாள். காஸ்டிங்கிலிருந்து தொடங்கினால் உண்மையான காலம் 32 நாள்.

ஒரு கட்டம் காலியாக இருப்பதால், வாடிக்கையாளருக்கு நம் கம்பெனியே எழுத்தில் ஒரு பொய் வாக்கு கொடுக்கிறது. பிறகு அந்த வாக்கைக் காப்பாற்றுவதற்காக ஞாயிற்றுக்கிழமை ஆட்களை வரச் சொல்கிறோம். காஸ்டிங்கைத் தனி வண்டியில் வரவழைக்கிறோம். இதைப் பற்றிப் பேசும்போது எனக்குக் கோபம் வருவது உண்டு. ஏனென்றால் அந்தக் கட்டத்தை நிரப்ப ஒரு பொருளுக்கு ஒரு நிமிடம் போதும். பாகப் பட்டியலில் எந்தக் கிளை அதிக நாள் எடுக்கிறது என்று பார்த்து, அதன் நாட்களைக் கூட்டி எழுத வேண்டும், அவ்வளவுதான். எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள்: வெளியே வாங்கும் பொருளுக்கான நாட்களை எஸ்ஏபி நாள்காட்டி நாட்களாக எடுக்கிறது, உள்ளே தயாரிக்கும் நாட்களையும் கிடங்கில் சேர்க்கும் நாட்களையும் இந்த மொத்தக் காலத்தையும் வேலை நாட்களாக எடுக்கிறது. இரண்டையும் அப்படியே கூட்டினால் நீண்ட காலப் பொருட்களில் பல நாள் பிசகும்.

இனி, எந்தப் பொருளுக்கு ஆர்டர் உற்பத்தியைத் தூண்ட வேண்டும், எதற்குத் தூண்டக் கூடாது என்ற கேள்வி. எஸ்ஏபியில் இதைத் திட்டமிடல் உத்தி என்ற இரண்டிலக்க எண் தீர்மானிக்கிறது. நிறுவும்போது ஆலோசகர்கள் வந்து ஒரே எண்ணை எல்லாப் பொருளுக்கும் ஏற்றிவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். இது தொழில் முடிவு. கணினிப் பிரிவிடம் விடக் கூடியது அல்ல.

எங்கள் ஆலையில் இப்படிப் பிரித்திருக்கிறோம். ஆண்டு முழுக்கச் சீராகப் போகும் சிறிய மோனோபிளாக் வகைகளுக்கு 10. இதில் உற்பத்தி நடப்பது முன்மதிப்பீட்டின்படி. ஆர்டர் வந்தால் கையிருப்பிலிருந்து எடுத்துக் கொடுக்கிறோம், உற்பத்தித் திட்டம் அசையாது. அதிகம் விற்கும் நீர்மூழ்கி வகைகளுக்கு 40. இதில் முன்மதிப்பீடும் உண்டு, ஆர்டருக்கும் சக்தி உண்டு. ஆர்டர் வர வர முன்மதிப்பீட்டைக் கழித்துக்கொண்டே போகும். ஹெச்பி ஒன்றாக இருந்தும் ஸ்டேஜ் (இம்பெல்லர் அடுக்கு) எண்ணிக்கை பலவாக மாறும் வகைகளுக்கு 50: மோட்டாரும் காஸ்டிங்கும் முன்மதிப்பீட்டின்படி தயாராகிக் காத்திருக்கும், கடைசி அசெம்பிளி மட்டும் ஆர்டர் வந்த பிறகு. தனி வாடிக்கையாளருக்கென்று செய்பவைக்கு 20.

இதில் 40ஐப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஆர்டர் எந்த முன்மதிப்பீட்டைக் கழிக்கும் என்பதற்குத் திசையும் நாட்களும் கொடுக்க வேண்டும். ஏப்ரல் 6, 13, 20, 27 ஆகிய நான்கு திங்கட்கிழமைகளில் தலா 100 பம்ப் என்று முன்மதிப்பீடு, மொத்தம் 400. ஏப்ரல் 17ஆம் தேதிக்கு 150 பம்ப் ஆர்டர் வருகிறது. பின்னோக்கிக் கழிக்கப் போதிய நாட்கள் கொடுத்திருந்தால், 13ஆம் தேதியின் 100ஐயும் 6ஆம் தேதியின் 50ஐயும் அந்த ஆர்டர் எடுத்துக்கொள்ளும். மாதத்தின் மொத்தத் தேவை அதே 400. அந்தக் கட்டங்களைக் காலியாக விட்டிருந்தால், 17ஆம் தேதியில் முன்மதிப்பீடு எதுவும் இல்லாததால் ஆர்டர் எதையும் கழிக்காது. மொத்தத் தேவை 550 ஆகிவிடும். கூடுதலான அந்த 150 பம்ப்பை யாரும் கேட்கவில்லை. கணக்கு கேட்டது, நாம் செய்தோம். ஆனியில் மழை வந்த பிறகு கிடங்கில் நிற்கும் பம்ப்புகளைப் பார்த்து விற்பனை மந்தம் என்று பேசிக்கொள்வார்கள். அதில் ஒரு பகுதி இப்படிப் பிறந்ததாக இருக்கும்.

தனி ஆர்டருக்கான 20ல் வேறு விதமான கவனம் தேவை. சவூதி அரேபியா, பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். நம் நாட்டில் 50. அங்கே போகும் மோட்டாரின் வைண்டிங் வேறு, வேகம் வேறு. அந்த வேகத்துக்கு ஏற்ப இம்பெல்லரும் ஸ்டேஜும் மாறும். இவற்றை வாடிக்கையாளர் பெயரில்தான் செய்ய வேண்டும். அப்படிச் செய்த பம்ப், கிடங்கில் அந்த ஆர்டரின் அந்த வரிக்குச் சொந்தமான கையிருப்பாக உட்காரும். வேறு ஆர்டருக்கு அதை மென்பொருள் தானாகக் கொடுக்காது, கொடுக்கவும் கூடாது. ஆனால் வாடிக்கையாளர் ரத்து செய்துவிட்டால், அதைப் பொதுக் கையிருப்புக்கு மாற்றும் பதிவை ஒருவர் செய்தாக வேண்டும். செய்யாவிட்டால், அதே வகைக்கு அடுத்த ஆர்டர் வரும்போது, பத்தடி தூரத்தில் பம்ப் நிற்க, புதிதாக ஒன்று செய்யச் சொல்லும் கணக்கு.

இன்னொன்று: பம்ப் தனி ஆர்டருக்கு என்பதற்காக அதன் உள்ளே உள்ள ஒவ்வொரு பாகமும் தனி ஆர்டருக்கு என்று ஆகிவிடக் கூடாது. பாகத்தின் மாஸ்டரில் தனித்தேவையா பொதுத்தேவையா என்று குறிக்கும் கட்டம் உண்டு. போல்ட், கேபிள், மோட்டாரில் சுற்றும் பாலிராப் ஒயர் போன்றவற்றைப் பொதுத்தேவை என்று குறித்து வையுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு ஆர்டருக்கும் தனித்தனியே போல்ட் வாங்கும் கோரிக்கைகள் குவியும். கிடங்கில் இருப்பவருக்கு ஒரே பெட்டியில் உள்ள போல்ட்டுகள் எந்த ஆர்டருடையவை என்று பிரிக்கும் பாடு.

சூரிய சக்தி பம்ப்புகளின் கதை வேறு. 2019ல் மத்திய அரசு விவசாயிகளுக்கான பிஎம் குசும் சூரிய சக்தித் திட்டத்தைக் கொண்டுவந்த பிறகு டெண்டர் மூலம் பெரிய ஆர்டர்கள் வருகின்றன. ஒரே ஆர்டரில் நூற்றுக்கணக்கான பம்ப். அவை ஒரே நாளில் போவதில்லை. பயனாளி தேர்வாகி, இடம் பார்த்து, நிறுவும் குழு தயாரான பிறகே கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். ஆனால் ஆர்டரைப் பதியும்போது மொத்த அளவையும் ஒரே தேதியில் போட்டுவிடுவார்கள். கணக்கும் அதை நம்பி, அத்தனைக்கும் ஒரே நாளில் கன்ட்ரோலர், ஒயர், ஸ்டாம்பிங் கேட்கும். தாமிரத்தின் விலை தெரிந்தவர்களுக்கு இதன் வலி புரியும். கம்பெனியின் பணம் ஒயர்ச் சுருள்களாகக் கிடங்கில் உறங்கும். வங்கிக்கு வட்டி ஓடும். இதற்கு மருந்து எளிது. ஒரே வரியில் பல டெலிவரித் தேதிகளைப் பிரித்துப் போடும் வசதி எஸ்ஏபியில் இருக்கிறது. மாவட்ட வாரியாக நிறுவும் குழு தரும் அட்டவணையை வாரந்தோறும் வாங்கி, அந்தத் தேதிகளில் பிரித்துப் பதியுங்கள். இதற்கு விற்பனையில் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். எல்லோருடைய பொறுப்பு என்று விட்டால் யாரும் செய்யமாட்டார்கள்.

இப்போது ஒரு திரையைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். எங்கள் தொழிலில் காலையில் முதலில் திறப்பது எம்டி04 என்ற திரையைத்தான். ஒரு பொருளின் கையிருப்பும் தேவையும் வரவும் தேதி வரிசையில் அதில் நிற்கும்.

ஒரு மே மாதக் காலையில் கிளை அலுவலகத்திலிருந்து இளைஞர் ஒருவர் அழைத்தார். "சார், 6 அங்குல பம்ப் ஸ்டாக்கில் 60 காட்டுகிறதே, அதில் 20 கொடுத்தால் என்ன?" அவர் பார்த்தது வெறும் கையிருப்பு அறிக்கை. எம்டி04ஐத் திறக்கச் சொல்லி, கடைசிப் பத்தியை மட்டும் வரிசையாகப் படிக்கச் சொன்னேன். முதல் வரி 60. அடுத்தது பாதுகாப்புக் கையிருப்பு 15, மிச்சம் 45. அதற்கடுத்து லாரிக்காகக் காத்திருக்கும் டெலிவரி 25, மிச்சம் 20. பிறகு மூன்று பழைய ஆர்டர்கள், 3, 2, 5 என்று, மிச்சம் 10. பிறகு மே 12ஆம் தேதி நாக்பூர் ஆர்டர் 40. இப்போது 30 குறைவு. அதன் கீழே மே 14ஆம் தேதி முடியும் உற்பத்தி ஆணை 50, பக்கத்தில் 10 என்ற எச்சரிக்கை எண். முன்னே இழுக்கச் சொல்லும் செய்தி அது. அந்த வரியில்தான் முதன்முறையாக 20 என்று மிச்சம் வருகிறது.

"அப்படியானால் 14ஆம் தேதிக்குப் பிறகு 20 கொடுக்கலாம், இல்லையா சார்?" என்றார் அவர். கொடுக்கலாம். யாரும் சொல்லாமலே அவர் திரையைப் படித்துவிட்டார். அன்று முதல் அவரிடமிருந்து வரும் ஆர்டர்களின் தேதி சரியாக இருக்கும். விற்பனைப் பிரிவினருக்குப் பயிற்சி என்றால் நான் நடத்துவது இது ஒன்றைத்தான்: அவர்களே விற்கும் ஒரு பொருளின் எம்டி04ஐ அவர்களே வாய்விட்டுப் படிக்க வேண்டும்.

அந்தத் திரையில் இருந்த 3, 2, 5 என்ற மூன்று பழைய வரிகளைக் கவனித்தீர்களா? 50 கேட்டவர் 47 எடுத்துக்கொண்டு போதும் என்றிருப்பார். மீதி 3ஐ யாரும் மூடவில்லை. அது கணக்கில் இன்னும் உயிரோடு இருக்கிறது; தேதி கடந்துவிட்டதால் எல்லோருக்கும் முன்பாகப் பொருளைப் பிடித்துக்கொள்கிறது. ஒரு பொருளில் 10 என்பது சின்ன எண். பல நூறு பொருட்களில் சேர்ந்தால் ஒரு கிடங்கே நிறையும். எனவே மாதம் ஒருமுறை திறந்திருக்கும் ஆர்டர்களின் பட்டியலை எடுத்து, டெலிவரித் தேதி கடந்து வெகு நாளானவற்றைக் கிளை வாரியாக அனுப்பி, வேண்டுமா வேண்டாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வரியில் நிராகரிப்புக் காரணத்தைப் பதிய வேண்டும். அளவைப் பூஜ்யமாக்குவதோ, ஆர்டரையே அழிப்பதோ வேண்டாம். ஏன் போகவில்லை என்ற தகவல் அதோடு போய்விடும். அந்தக் காரணங்களைத் தொகுத்துப் பார்த்தால் எந்த வகையில் தாமதத்தால் விற்பனையை இழக்கிறோம் என்பது தெரியும். அடுத்த ஆண்டு முன்மதிப்பீட்டுக்கு அதைவிட நல்ல தரவு கிடையாது.

கடன் வரம்பு தாண்டியதால் நிறுத்தி வைத்த ஆர்டர்களும் இப்படித்தான். அவற்றின் தேவை உற்பத்திக்குப் போக வேண்டுமா என்பதை அமைப்பிலேயே முடிவு செய்யலாம். பொது வகைகளுக்குப் போகட்டும், வேறு யாருக்காவது விற்றுவிடலாம். தனி ஆர்டர் வகைகளுக்குப் பணப் பிரச்சினை தீரும்வரை போகக் கூடாது என்பது என் கருத்து.

ஆர்டர் மாறுவதைப் பற்றி. அளவு கூடும், குறையும், தேதி தள்ளும்; அது வியாபாரம். உத்தேச ஆணையாக இருக்கும்வரை அடுத்த ஓட்டத்தில் எல்லாம் தானாகச் சரியாகிவிடும். உற்பத்தி ஆணையாக மாற்றிப் பட்டறைக்கு விட்ட பிறகு எம்ஆர்பி அதைத் தொடாது. முன்னே இழு, பின்னே தள்ளு, ரத்து செய் என்று செய்தி மட்டும் தரும். முறையே 10, 15, 20 என்ற எச்சரிக்கை எண்களில். செய்ய வேண்டியது மனிதர். மோட்டாரின் சுழலாத பகுதியான ஸ்டேட்டரில் ஒயர் சுற்றியாகிவிட்ட பிறகு வேறு வோல்ட்டேஜ் வேண்டும் என்றால் அந்த ஒயரை உருவித்தான் போட வேண்டும். வைண்டிங் பகுதியில் அந்த வேலையைச் செய்யும் பெண்களின் முகத்தைப் பார்த்தவர்கள் கடைசி நேர மாற்றத்தை லேசாகச் சொல்லமாட்டார்கள். அதனால் நாங்கள் அருகில் உள்ள நாட்களுக்கு ஒரு வேலி போட்டிருக்கிறோம். வேலிக்குள் மாற்றம் வேண்டுமென்றால் விற்பனை மேலாளரும் உற்பத்தி மேலாளரும் சேர்ந்து ஒப்புக்கொள்ள வேண்டும். எந்த ஆர்டரைத் தள்ளி இதை நுழைக்கிறோம் என்பதையும் அங்கேயே சொல்ல வேண்டும்.

ஒரு எல்லையையும் சொல்லிவிட வேண்டும். எம்ஆர்பி பொருட்களைக் கணக்கிடுகிறது; இயந்திரத்துக்கும் ஆளுக்கும் நேரம் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. ஆர்டரில் உறுதி செய்யும் தேதியும் சாதாரணமாகப் பார்ப்பதில்லை. எங்கள் ஆலையில் கோடையில் இறுகுவது சோதனைத் தொட்டி. எத்தனை அசெம்பிளி லைன் ஓடினாலும் ஒவ்வொரு நீர்மூழ்கி பம்ப்பும் சோதனையைக் கடந்துதான் போக வேண்டும். எனவே மார்ச் முதல் மே வரை உத்தேச ஆணைகளை அந்தத் தொட்டியின் தினசரி அளவுக்கு ஏற்ப நாங்களே பரப்புகிறோம். உங்கள் ஆலையில் அப்படி இறுகும் இடம் எது என்று கண்டுபிடியுங்கள். அது ஒன்றை மட்டும் கையால் சமன் செய்தாலே தேதிகள் பெருமளவு நம்பத் தகுந்தவை ஆகிவிடும்.

எஸ்ஏபி இல்லாத சிறு பட்டறைகளுக்கும் இது பொருந்தும். இந்தியாவில் உருவான இஆர்பிநெக்ஸ்ட் என்ற மென்பொருளில் உற்பத்தித் திட்டம் என்ற ஆவணத்தைத் திறந்து, திறந்திருக்கும் சேல்ஸ் ஆர்டர்களை இழுத்தால், பாகப் பட்டியலைப் பிரித்து வேலை ஆணைகளையும் பொருள் கோரிக்கைகளையும் தரும். ஓடூ என்ற இன்னொரு மென்பொருளில் ஆர்டருக்குத் தயாரிக்கும் வழியைப் பொருளில் குறித்துவிட்டால், ஆர்டரை உறுதி செய்ததும் உற்பத்தி ஆணை உருவாகும். பெயர்களும் பொத்தான்களும் மாறும். ஆர்டர் உரிய நாளில் பதியப்பட்டதா, தேதி உண்மையா, நாட்கள் சரியா, பழைய ஆர்டர்களின் மிச்சங்கள் மூடப்பட்டனவா என்ற கேள்விகள் எங்கும் ஒன்றே.

புதிதாக அமைப்பை ஓடவிடப் போகிறவர்கள் அதற்கு முன்பு ஒரு வேலை செய்யுங்கள். ஒவ்வொரு வகைக் குடும்பத்திலும் ஒரு பம்ப்பை, அல்லது நீங்கள் செய்யும் பொருளை, எடுத்துக்கொண்டு சோதனை அமைப்பில் உண்மையான தேதியோடு ஒரு ஆர்டர் பதியுங்கள். எம்ஆர்பியை ஓட்டுங்கள். கடைசி அசெம்பிளியிலிருந்து மூலப்பொருள் வரை அது உருவாக்கிய எல்லா ஆணைகளையும் தேதி வரிசையில் அச்செடுங்கள். அந்தத் தாளோடு பட்டறைக்குள் போய், வைண்டிங் ஃபோர்மேனிடமும் மெஷின் ஷாப்பிலும் காஸ்டிங் வாங்குகிறவரிடமும் அவரவர் வரியைக் காட்டி, இந்தத் தேதியில் தொடங்கினால் இந்தத் தேதியில் முடியுமா என்று கேளுங்கள். எங்கள் மெஷின் ஷாப்பில் மூத்த ஃபோர்மேன் ஒருவர் தாளைப் பார்த்ததும், "நாலு நாள் சரிதான் தம்பி, ஆனால் காஸ்டிங் வந்த அன்றே மெஷினில் ஏற்ற முடியாது, மணல் தட்டி உதற ஒரு நாள் போய்விடும்" என்றார். மாஸ்டரில் எங்கும் இல்லாத நாள் அது. அவர்கள் சொல்லும் நாட்களை அதே தாளில் பேனாவால் திருத்தி, மாஸ்டரில் ஏற்றி, அதே ஆர்டரை மறுபடி ஓட்டிப் பாருங்கள். கேட்டவர்கள் எல்லோரும் தலையசைத்த பிறகு அடுத்த குடும்பத்துக்குப் போகலாம்.